ஏழாம் எண் சட்டை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்மொழி நிகழ்வில் பேச அழைத்திருந்தார்கள். இருபது நிமிடம். எதிரே இடைநிலைப்பள்ளி மாணவர்கள், பின் வரிசைகளில் பெற்றோர், பக்கவாட்டில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர். மொழிப்பற்று பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் தீர்த்துவிட்டிருந்தார்கள். நான் ஒரு காணொளியைத் திரையில் ஓடவிட்டேன்.

2005 செப்டம்பர் 11, டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கம். அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. சிவப்புச் சட்டை போட்ட, மாநிறமான, கட்டுமஸ்தான ஒருவர் லியம் மக்கார்த்தி கோப்பையை வைத்துக்கொண்டு ஒலிவாங்கி முன் நிற்கிறார். கார்க் அணியின் தலைவர். அவர் பேசுவது ஐரிஷ் மொழி. தொடக்கம் முதல் முடிவுவரை ஐரிஷ்தான். வழக்கமாக அணித்தலைவர்கள் மனப்பாடம் செய்த இரண்டு வரியை ஐரிஷில் ஒப்பித்துவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். இவர் தாவவில்லை.

பெயர் ஷான் ஓக் ஓ ஹல்பீன். 1977-இல் பிறந்தது பசிபிக் கடலில் ஃபிஜியைச் சேர்ந்த ரொட்டுமா தீவில். சிறுவயது சிட்னியில். கார்க் நகருக்குக் குடும்பத்தோடு வந்தது 1988-இல்.

"பாருங்க, எங்கேயோ பிறந்த பையன் வந்த நாட்டு மொழிய எவ்வளவு பற்றோட பேசறார்! நாம தமிழங்க வீட்டுலேயே பிறந்து..." என்று நான் முடித்த விதத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நல்ல கைத்தட்டல்.

நிகழ்வு முடிந்து மீகூன் தட்டோடு நிற்கும்போது ஒரு டீச்சர் வந்தார். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்.

"நல்லா பேசுனீங்க தம்பி. ஒன்னு கேக்கணும். அந்தப் பையனோட அம்மா எந்த ஊரு?"

"அதே தீவுதான் டீச்சர். ரொட்டுமா."

"அங்க என்ன பாஷை?"

"ரொட்டுமன்னு தனி மொழி இருக்கு."

"அப்போ அவங்க அம்மா மொழியில பேசியிருந்தா அன்னிக்கு அந்த அரங்குல கை தட்டியிருப்பாங்களா? நீங்க இங்க போட்டுக் காட்டியிருப்பீங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்து மழுப்பினேன். அவரும் விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பிறகுதான் ஓ ஹல்பீனின் ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை நான் பார்த்தது அவர் பேச்சை மட்டும்தான், ஆட்டத்தை அல்ல என்ற வெட்கமும் அதில் சேர்ந்திருந்தது. இந்தக் கட்டுரை அந்த டீச்சருக்கான தாமதமான பதில்.

*

ஹர்லிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. தோல் போர்த்திய சிறு பந்து. மட்டையால் தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம். பந்தைக் கையால் பிடிக்கலாம், ஆனால் தரையில் கிடப்பதை நேராகக் கையால் எடுக்கக்கூடாது. கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் நடக்கவும் கூடாது. எச் வடிவக் கம்பத்தில் குறுக்குக் கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. மாவட்ட அளவிலான மூத்தோர் ஆட்டம் எழுபது நிமிடம்.

இதை நடத்துவது கேலிக் விளையாட்டுச் சங்கம். 1884-இல் தர்லெஸ் ஊரில், ஆங்கில ஆட்டங்களுக்கு எதிராக ஐரிஷ் ஆட்டங்களைக் காப்பாற்றத் தொடங்கியது. எண்பதாயிரம் பேர் பார்க்கும் இறுதி ஆட்டத்தில் ஆடுபவருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். பிறந்த அல்லது வளர்ந்த ஊரின் கிளப்பில் ஆடி, அந்த மாவட்டத்துக்கு ஆடுவதுதான் முறை. பணம் கொடுத்து ஆள் வாங்க முடியாது. ஆகவே இந்த ஆட்டத்தில் 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கு மற்ற விளையாட்டுகளில் இல்லாத எடை உண்டு.

அந்த எடையை ஒரே நகைச்சுவையில் பிடித்தவர் வானொலி வர்ணனையாளர் மீஹால் ஓ முர்ஹெர்ட்டி. ஓ ஹல்பீனைப் பற்றி அவர் சொன்னது அயர்லாந்தில் எல்லாருக்கும் தெரியும்: அப்பா ஃபெர்மானாக்காரர், அம்மா ஃபிஜிக்காரர், இரண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போன இடமில்லை என்பது அதன் சாரம். இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் இதில் பெரிய மனசு ஒன்று இருக்கிறது. ஃபெர்மானா வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களில் ஒன்று, ஹர்லிங்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த மனிதர் ஐரிஷ் மாவட்டத்தையும் பசிபிக் தீவையும் ஒரே தட்டில் வைக்கிறார். தோல், இரத்தம், தூரம் எதுவும் அளவுகோல் இல்லை, ஹர்லிங் ஒன்றுதான் அளவுகோல், அந்த அளவில் அப்பாவும் அம்மாவும் சமமாகத் தோற்கிறார்கள்.

ஆனால் அந்த நகைச்சுவையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் அப்படி வைக்கவில்லை. ஃபெர்மானா உதிர்ந்துபோனது. ஃபிஜி மட்டும் நின்றது. 'ஃபிஜியில் பிறந்த ஐரிஷ் வீரர்' என்பது ஒரு கதையாக ஆகி, அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. நான் மேடையில் சொன்னதும் அந்தக் கதைதான்.

*

கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அது அவர் நின்ற இடம்.

ஓ ஹல்பீன் போட்டது ஏழாம் எண் சட்டை. இடது அரைத் தடுப்பாளர். ஹர்லிங்கில் அரைத் தடுப்பு வரிசை என்பது ஐந்து, ஆறு, ஏழு என்ற மூவர். எதிரணிக் கோல்காப்பாளர் பந்தை உயரத் தூக்கி அடிக்கும்போது அது பெரும்பாலும் இறங்குவது இந்த மூவரின் தலைமேல்தான். கீழே இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருவர் வெறுங்கையை உயர்த்துவார். இன்னொருவரின் மட்டை அந்தக் கையை நோக்கி வரும். விரல் உடைவதெல்லாம் இங்கே சாதாரணம். பிடித்தால் தாக்குதல் திசை மாறும். பிடிக்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் புள்ளி போய்விடும்.

கார்க் அணியின் அந்த மூவர், ஜான் கார்டினர், ரோனன் கரன், ஷான் ஓக் ஓ ஹல்பீன், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அரைத் தடுப்பு வரிசைகளில் ஒன்று. 2004 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். கார்க் 17 புள்ளி, கில்கென்னி 9 புள்ளி. பிரையன் கோடியின் கில்கென்னி, முந்தைய இரண்டு ஆண்டின் வெற்றியாளர், ஹென்றி ஷெஃப்லின் போன்ற முன்னணி வீரர்களைக் கொண்ட அணி, எழுபது நிமிடத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, மொத்தமே ஒன்பது. அந்த ஆண்டின் சிறந்த ஹர்லர் விருது ஓ ஹல்பீனுக்குப் போனது. ஒரு தடுப்பாளருக்கு.

அந்த ஆட்டத்தில் அவர் செய்ததை எப்படி எழுதுவது? இங்கேதான் சிக்கல். ஷெஃப்லினைப் பற்றி எழுதுபவருக்கு எண்கள் இருக்கின்றன. சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27 கோல், 484 புள்ளி, பத்து அகில அயர்லாந்துப் பதக்கம். அதை அடுக்கினாலே கட்டுரையில் பாதி வந்துவிடும். தடுப்பாளருக்கு என்ன இருக்கிறது? நடக்காமல் போன புள்ளிகள். எதிரணி முன்னணி வீரர் ஒருவர் ஆட்டத்தின் நடுவில் மாற்றப்பட்டு வெளியே போவது. எதிரணிக் கோல்காப்பாளர் அடுத்த பந்தை அந்தப் பக்கம் அடிக்காமல் வேறு பக்கம் அடிப்பது. இதற்கெல்லாம் புள்ளிப்பலகையில் கட்டம் கிடையாது.

ஆகவே, தடுப்பாளரின் வாழ்க்கையை எழுத வருபவர் முன்னால் பெரிய வெற்றிடம் ஒன்று இருக்கிறது. ஓ ஹல்பீன் விஷயத்தில் அந்த வெற்றிடத்தை நிரப்ப பிறந்த தீவு, அம்மாவின் நிறம், பேசிய மொழி எல்லாம் தயாராக இருந்தன. எழுதுபவர்களுக்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. நானும் பார்க்கவில்லை.

பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வேறு ஓர் ஆள். அவர் அடி அழகானதல்ல. கார்க் மண்ணில் நடக்கக் கற்றதிலிருந்தே மட்டையோடு வளர்ந்த பிள்ளைகளின் மணிக்கட்டுச் சுழற்சி அவரிடம் இல்லை. பதினொரு வயதை ஒட்டி ஆரம்பித்தவருக்கு அது எப்படி வரும்? அவர் பந்தை அடிப்பதில் ஓர் உழைப்பாளியின் கவனம் இருக்கிறது. அழகு இருப்பது அதற்கு முந்தைய நொடியில். பந்து எங்கே இறங்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, இரண்டு அடி பின்வாங்கி, ஓடிவந்து எழும்பும் அந்த எழும்பலில். தன் ஆளைப் பிடித்து இழுக்காமல், அவருக்கு முன்னால் போய் நிற்கும் பொறுமையில். தனக்கு இல்லாததைத் தெரிந்துகொண்டு, இருப்பதை வைத்து ஆட்டத்தைக் கட்டிக்கொண்டவர் என்று தோன்றியது. தாமதமாகக் கற்றவர்களின் ஆட்டம் அது. மலாய் மொழியில் படித்துவிட்டு இருபது வயதுக்கு மேல் தமிழ் இலக்கியத்துக்குள் வந்தவர்கள் எழுதுவதில் எனக்கு இதே கவனம் தெரிவதுண்டு.

விடாமுயற்சி என்ற சொல்லைத் தமிழ்ப் பேச்சாளர்கள் தேய்த்துவிட்டோம். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999-இல் கார்க் கில்கென்னியை ஒரே புள்ளியில், 13-க்கு 12, வென்று கோப்பையைப் பிடித்தது. அதே செப்டம்பரில் அவர் கார்க் மாவட்டத்துக்காக கேலிக் கால்பந்து இறுதி ஆட்டத்திலும் இறங்கினார். அதில் மீத் அணியிடம் தோல்வி. இரண்டு வெவ்வேறு ஆட்டம், இரண்டு இறுதி, ஒரே மாதம், சம்பளம் இல்லை. 2001-இல் கார் விபத்தில் முழங்கால் கடுமையாகச் சிதைந்தது. இருபத்து நான்கு வயது. திரும்பி வரமாட்டார் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2003, 2004, 2005 மூன்று ஆண்டும் ஆல் ஸ்டார் அணியில் இடம் பெற்றார். விபத்துக்கு முன்னால் ஒருமுறைகூடக் கிடைக்காத கௌரவம் அது.

*

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

ஐரிஷ் அயர்லாந்து அரசியல் சட்டப்படி முதல் ஆட்சிமொழி. பள்ளிகளில் எல்லாரும் படித்தாக வேண்டும். 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐரிஷ் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறேன் என்றவர்கள் சுமார் 53,000 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் அந்த நாட்டின் மொழிக் குற்றவுணர்வு முழுவதும் குடியிருக்கிறது. தெரியும், ஆனால் பேசமாட்டோம்.

இறுதி ஆட்ட மேடையில் நீண்ட ஐரிஷ் உரை இதற்கு முன் வராமல் இல்லை. 1980-இல் கோல்வே அணி 57 ஆண்டு காத்திருப்புக்குப் பின் வென்றபோது அதன் தலைவர் ஜோ கொனலி ஐரிஷில் பேசிய உரை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் கோல்வே மாவட்டத்தில் ஐரிஷ் அன்றாடம் புழங்கும் ஊர்கள் உண்டு. கார்க் நகரின் வடபகுதியிலிருந்து வந்தவருக்கு அந்தச் சாக்கு இல்லை. 2005-இல் கார்க் தோற்கடித்ததும் கோல்வேயைத்தான், ஒரு கோலும் 21 புள்ளியும் எதிர் ஒரு கோலும் 16 புள்ளியும். ஐரிஷ் பேசும் ஊர்களைக் கொண்ட மாவட்டத்தை வென்றுவிட்டு வென்றவர் ஐரிஷில் பேசினார்.

நான் மேடையில் சொன்ன கதையின்படி, அந்நியர் ஒருவர் உள்ளூர்க்காரர்களின் தாய்மொழியைக் கற்றுக்கொண்டு அவர்களையே வெட்கப்பட வைத்தார். இது தவறான வாசிப்பு என்று இப்போது நினைக்கிறேன். அந்த அரங்கில் இருந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஐரிஷ் தாய்மொழி இல்லை. ஓ ஹல்பீனின் அப்பாவின் ஃபெர்மானாவிலும் ஐரிஷ் வீட்டுமொழியாக இல்லாமல் போய் வெகு காலம் ஆகிவிட்டது. அங்கிருந்த எல்லாருக்கும் அது பள்ளிக்கூடத்து மொழி. அவருக்கும் அப்படியே. கார்க்கின் நார்த் மொனாஸ்டரி பள்ளியில் கற்றது. பிரதமராகவும் ஹர்லிங் வீரராகவும் இருந்த ஜாக் லின்ச் படித்த அதே பள்ளி. ஆக, அவருக்கும் கூட்டத்துக்கும் இடையே இருந்த தூரம் உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற தூரம் அல்ல. ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்தான். அவர் படித்ததைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் பேச்சின் மதிப்பு குறையவில்லை, கூடுகிறது. 'வந்தேறிகூடப் பேசுகிறான் பார்' என்பதில் ஓர் ஏளனம் ஒளிந்திருக்கிறது. பேசுபவரை நிரந்தர வந்தேறியாக வைத்தால்தான் அந்தப் பாராட்டு வேலை செய்யும். அவரை உள்ளூர்க்காரராக ஏற்றுக்கொண்டால் பாராட்டில் பாதி காற்று இறங்கிவிடும். நான் அன்று மாணவர்களிடம் செய்தது அதுதான். அவரை ஒரு பிரம்பாக எடுத்து எங்கள் பிள்ளைகளை அடித்தேன். பிரம்புக்கு என்ன வாழ்க்கை இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பதினைந்து மாதங்களுக்கு முன், 2004 ஜூன் 11 அன்று, அயர்லாந்தில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. அந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற அரசியல் சட்ட உரிமையை வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைகளிடமிருந்து எடுப்பதா என்பது கேள்வி. எடுக்கலாம் என்று 79 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். ஓ ஹல்பீனை இது தொடாது, அப்பா ஐரிஷ்காரர். ஆனால் அன்று கைத்தட்டிய கூட்டத்தில் அப்படி வாக்களித்தவர்கள் நிறையவே இருந்திருப்பார்கள். இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மேடையில் ஐரிஷ் பேசிய மாநிறத்தவர் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். பிறப்பால் கிடைக்காது, கோப்பை தூக்கினால், மொழி பேசினால் கிடைக்கும் என்று அவர்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்ள அவர் ஒரு சாட்சி. அவர் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. கொடுக்கப்பட்டது.

டீச்சரின் முதல் கேள்விக்கு என் பதில்: தட்டியிருக்க மாட்டார்கள், டீச்சர். ரொட்டுமனில் பேசியிருந்தால் ஒரு நிமிடம் புன்னகைத்துவிட்டு மறந்திருப்பார்கள். நானும் காணொளியைத் தேடியிருக்க மாட்டேன்.

*

இந்தக் கதைக்குள் அடங்காத ஓர் ஓ ஹல்பீன் உண்டு. அவர் வேலைநிறுத்தம் செய்தவர்.

2002 கடைசியில் கார்க் வீரர்கள் மாவட்ட வாரியத்துக்கு எதிராக ஆட மறுத்தார்கள். கேட்டது பணம் அல்ல. அணிக்கு மருத்துவர், ஒழுங்கான பயணம், பயிற்சி வசதி. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகூடக் கேட்கும் விஷயங்கள். வென்றார்கள். அடுத்த மூன்று ஆண்டும் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள், இரண்டில் கோப்பை. மறுபடி 2007-08 குளிர்காலத்தில் ஒரு நிறுத்தம். அதற்கடுத்த குளிர்காலத்தில் மூன்றாவது. மூன்றாவது மிகவும் கசப்பானது. பயிற்றுநர் ஜெரால்ட் மக்கார்த்தி கார்க்கின் பழைய நாயகர்களில் ஒருவர். அவர் 2009 மார்ச்சில் விலகியபோது இரண்டு பக்கத்திலும் காயம்.

மூன்றாவது நிறுத்தத்தில் வீரர்கள் முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். தங்கள் பயிற்றுநரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஓர் அணி வந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது நல்லதா என்ற கேள்வி நியாயமானது. ஆட்டத்திலும் அவர்கள் அப்போது பின்தங்கியிருந்தார்கள். கையிலிருந்து கைக்கு, குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பந்தைக் கடத்தும் அவர்கள் பாணியை 2006 இறுதியில் கில்கென்னி நெருக்கி மூச்சுத் திணற வைத்தது. மூன்றாவது தொடர் கோப்பை கை நழுவியது. அடுத்த மூன்று ஆண்டும் கில்கென்னியின் காலம். கார்க் தன் கோபத்தை எதிரணியிடம் காட்டியதைவிட வாரியத்திடம் அதிகம் காட்டியது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் ஓ ஹல்பீனின் வாழ்க்கையில் இந்த நிறுத்தங்களுக்கு வேறு ஓர் அர்த்தம் இருக்கிறது. வந்தேறிக் கதையில் வருபவர் எப்போதும் நன்றியோடு இருக்க வேண்டும். அவருக்குக் கொடுத்ததற்கு அவர் கடன்பட்டவர். 'நம்மள வாழ வெச்ச இடம்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வாரியத்தைப் பார்த்து மூன்று முறை "முடியாது" என்று சொன்னவர்களோடு சேர்ந்து நிற்கிறார். விருந்தாளி சோற்றில் உப்பில்லை என்று சொல்லமாட்டான். வீட்டுப்பிள்ளைதான் தட்டைத் தள்ளுவான். என்னைப் பொறுத்தவரை கார்க் அவருடைய ஊர் என்பதற்கு ஐரிஷ் உரையைவிட வலுவான சான்று இந்த மறுப்பு. இதை யாரும் மொழி நிகழ்வுகளில் போட்டுக் காட்டுவதில்லை.

விலையும் கொடுத்தார். 2010 அக்டோபரில் பயிற்றுநர் டெனிஸ் வால்ஷ் அவரை அணியிலிருந்து நீக்கினார். முப்பத்து மூன்று வயது. ஆட விரும்பியும் இடமில்லை. ஒரு பயிற்றுநருக்கு அந்த உரிமை உண்டு, அரைத் தடுப்பில் அந்த வயது இளமையும் அல்ல. இருந்தும், ஐந்து ஆண்டுக்கு முன் நாடே தூக்கிக் கொண்டாடியவரை இப்படி விட்டுவிட முடிந்தது என்பது கவனிக்க வேண்டியது. அடையாளமாக ஆனவர்களை எளிதாக அனுப்பிவிடலாம். அடையாளம்தான் காணொளியில் பத்திரமாக இருக்கிறதே.

2012-க்கு ஜிம்மி பேரி மர்ஃபி மீண்டும் பயிற்றுநராக வந்து அவரைத் திரும்ப அழைத்தார். 1999-இல் முதல் கோப்பையின்போது இருந்த அதே பயிற்றுநர். கார்க் அரையிறுதிவரை போய் கோல்வேயிடம் தோற்றது. அதோடு ஓய்வு. 1996-இல் தொடங்கியது, பதினாறு ஆண்டு. கடைசி ஆண்டில் கோப்பை இல்லை, உரை இல்லை. மறுத்ததற்காக அல்லது வயதுக்காக வெளியே தள்ளப்பட்ட ஒருவர், திரும்பி வந்து, பழைய வேகம் இல்லாத காலோடு, மறுபடி உயரப் பந்தின் கீழே போய் நின்றார். அந்த ஆண்டின் ஆட்டங்களைத்தான் நான் இப்போது அதிகம் பார்க்கிறேன்.

*

அம்மா எங்கே என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது.

ஃபிஜி என்றதும் நமக்குக் கரும்புத் தோட்டமும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்களும் நினைவுக்கு வருவார்கள். ரொட்டுமா அந்தக் கதை அல்ல. அது ஃபிஜியின் மற்ற தீவுகளுக்கு வடக்கே வெகுதூரத்தில் தனியாகக் கிடக்கும் சிறு தீவு. தனி மக்கள், தனி மொழி. 1881-இல் பிரிட்டிஷார் அதை எடுத்து ஃபிஜியோடு சேர்த்து நிர்வகித்தார்கள். 'ஃபிஜியில் பிறந்தவர்' என்று சொல்லும்போதே அம்மாவின் ஊர் பாதி அழிந்துவிடுகிறது.

நான் தேடியபோது அம்மாவைக் கண்டது அணிப்பட்டியலில். ஷான் ஓக் என்றால் இளைய ஷான், அப்பாவின் பெயர். அவர் தம்பி செட்டாண்டா 2003-இல் கார்க் முன்வரிசையில் புயலாக வந்து, அந்த இறுதியில் தோற்றதும் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடப் போய்விட்டவர். செட்டாண்டா என்பது ஐரிஷ் காவிய நாயகன் கூஹுலினின் பிள்ளைப்பெயர், மட்டையும் பந்தும் கொண்டு வேட்டைநாயைக் கொன்ற சிறுவன். இன்னொரு தம்பியும் கார்க் அணிக்கு முன்வரிசையில் ஆடினார். அவர் பெயர் ஐசாக்கே. அது பசிபிக் தீவுப் பெயர். குரோக் பார்க்கின் ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது, கார்க் ஆதரவாளர்கள் அதைக் கத்தினார்கள், நாக்கு புரளாமல் சொல்லப் பழகிக்கொண்டார்கள். யாரும் உரை நிகழ்த்தவில்லை. ஆனால் அம்மாவின் தீவு பதினைந்து பெயர்களில் ஒன்றாக, மற்றப் பெயர்களுக்கு நடுவே, சாதாரணமாக இருந்தது. கோப்பை மேடையைவிட இந்தப் பட்டியல் எனக்கு நம்பிக்கை தருகிறது.

நம்பிக்கை மட்டும்தான், முடிவல்ல. வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தின் லீ சின் என்ற வீரரின் அப்பா மலேசியாவிலிருந்து போனவர். 2012-இல், ஓ ஹல்பீனின் கடைசி ஆண்டில், ஓர் உள்ளூர்க் கிளப் கால்பந்து ஆட்டத்தில் சின் இனவசைக்கு ஆளானார். வசைபாடிய வீரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர். அந்த மேடை உரைக்கு ஏழு ஆண்டுகள் கழித்தும் பெயரும் முகமும் போதுமானதாக இருந்தன. 2019-இல் வெக்ஸ்ஃபோர்ட் பதினைந்து ஆண்டுக்குப் பின் லென்ஸ்டர் கோப்பையை வென்றபோது அணித்தலைமையைப் பகிர்ந்துகொண்டவர்களில் சின் ஒருவர்.

இதைப் படித்ததும் எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? "அட, நம்ம மலேசியப் பையன்!" அடுத்த மொழி நிகழ்வுக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது என்று கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. பிறகு வைத்துவிட்டேன். அவர் வெக்ஸ்ஃபோர்ட்காரர்.

போன மாதம் அந்த டீச்சருக்கு 2004 இறுதி ஆட்டத்தின் ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பேச்சு இல்லை, ஆட்டம் மட்டும். பந்து உயரத்திலிருந்து இறங்குகிறது, கீழே ஏழாம் எண் சட்டை. மறுநாள் காலையில் பதில் வந்தது: "யாரு என்னான்னு புரியல தம்பி. ஆனா அந்த ஏழாம் நம்பர் பையன் நல்லா புடிக்கிறான்."